கொப்புக்குக் கயிறு உண்டு, ஏறுபவருக்கு?

பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரத்தில் வேறு ரயில் நிலையம் இல்லை. ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இறங்கும் இடமாகத்தான் பலருக்கும் இது தெரியும். நான் போனது மரம் ஏறுகிறவர்களைப் பார்க்க.

நிலையத்தைச் சுற்றி, மலையகத்தில் டர்பன்டைன் என்று அழைக்கப்படும் யூக்கலிப்டஸ் மரங்களும் பைனஸ் மரங்களும் நிற்கின்றன. நானுஓயாப் பக்கம் இறங்கினால் தேயிலைக்கு நடுவே சவுக்கு. வடக்கில் கடற்கரையில் நிற்கும் சவுக்கு வேறு. இங்கே அந்தப் பெயரால் அழைக்கப்படுவது அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறெவிலியா. தேயிலைக்கு நிழல் கொடுப்பதற்காக நட்டது.

நிழல் அதிகமானாலும் சிக்கல்தான். மழைக்காலத்தில் வெயில் படாமல் கொழுந்து ஈரமாகவே இருந்தால் கொப்புள நோய் பரவும். 1946இல் இலங்கைக்குள் வந்த இந்தப் பூஞ்சை நோய்க்கு ஈரமும் நிழலும்தான் வாழ்வு. அதனால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் நிழல் மரங்களின் கொப்புகளை வெட்டி வெளிச்சம் விடுவார்கள். அதற்கு ஓர் ஆள் மேலே ஏற வேண்டும்.

நான் பார்த்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் 'அண்ணை' என்றேன், அவர் என்னைத் 'தம்பி' என்றார். வெறுங்கால். இடுப்பில் கத்தி, தோளில் ஒரு சுருள் கயிறு. கயிற்றைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. மேலே போன பிறகு அதை அவர் வெட்டப்போகும் கொப்பில் கட்டினார். கொப்பு தேயிலைச் செடியின் மேல் விழாமல் மெதுவாக இறக்குவதற்காம்.

"உங்களுக்குக் கயிறு?" என்று கீழே வந்தபின் கேட்டேன்.

"எனக்கா? நான் புடிச்சுக்குவேன் தம்பி."

எங்கள் பக்கத்துச் சீவல் தொழிலாளரும் இப்படித்தான். தளநார் கால்களைச் சேர்த்துப் பிடிக்கும், கை நழுவினால் ஆளைப் பிடிக்க எதுவும் இல்லை. ஆனாலும் பனை ஒரே நேர் மரம். சவுக்கிலும் டர்பன்டைனிலும் ஏறுபவர் கொப்புக்குக் கொப்பு பக்கவாட்டில் நகர வேண்டும், வெட்டும்போது இரண்டு கையையும் விட வேண்டும். மரம் ஏறுவதைத் தொழிலாகப் படித்தவர்கள் தீர்வு தேடியது இந்த இடத்துக்குத்தான்: இரண்டு கையும் மரத்தை விட்ட பிறகும் ஆள் விழாமல் இருப்பது எப்படி?

முதலில் இடுப்பையும் தொடைகளையும் தாங்கும் ஹார்னஸ் பட்டி வேண்டும். வெறும் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கினால் மூச்சு நெரியும். அடுத்தது கயிற்றை மேலே போடுவது. 300, 400 கிராம் எடையுள்ள சிறு பையை மெல்லிய நூற்கயிற்றில் கட்டிக் கீழிருந்தே ஓர் உறுதியான கவட்டுக்கு மேலால் எறிகிறார்கள். பை மறுபக்கம் இறங்கியதும் நூலோடு பெரிய கயிற்றை இழுத்துவிடலாம். ஏறும் முன் இருவர் சேர்ந்து அந்தக் கயிற்றில் தொங்கிப் பார்க்க வேண்டும். சவுக்கின் கொப்பு எளிதில் முறியும், ஆகவே கயிறு தனிக் கொப்பில் தங்காமல் நடுத்தண்டைச் சுற்றி வருவது நல்லது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு முடிச்சு. ஒஸ்ரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் அறிமுகப்படுத்தியது, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிரதான கயிற்றைவிட மெல்லிய கயிற்று வளையம் ஒன்றை அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றி ஹார்னஸில் மாட்டுவார்கள். பாரம் இல்லாதபோது கையால் மேலே தள்ளலாம். உடல் எடை விழுந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரும்பு இல்லை, இயந்திரம் இல்லை, இரண்டு கயிறுகளின் உராய்வு மட்டும்தான். இன்று மரம் ஏறுபவர்கள் பயன்படுத்தும் பல முடிச்சுகள் இதே தத்துவத்தில் வந்தவை.

ஆனால் எந்தக் கயிறு என்பது முக்கியம். கடையில் மலிவாகக் கிடைக்கும் லொறிக் கயிறு பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். வெயிலில் கிடந்தால் பலம் குறையும், உராய்வுச் சூட்டில் நைலோனைவிட விரைவில் உருகும். முடிச்சு வழுக்கும் இடத்தில் கயிறு உருகினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தும்புக் கயிறோ ஈரத்தில் உள்ளுக்குள் உக்கிப்போகும், வெளியே தெரியாது. ஆளைத் தாங்கும் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தர நிர்ணயத்தின் 'ஏ' வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். கிட்டத்தட்ட 2,200 கிலோ எடை. பாரம் இறக்கிய கயிற்றில் ஆள் தொங்கக்கூடாது என்பதும் ஒரு விதி.

வெட்டத் தொடங்கும்போது இரண்டாவது பிடி ஒன்றும் வேண்டும், மரத்தைச் சுற்றி ஹார்னஸில் மாட்டும் குட்டைக் கயிறு. சங்கிலி வாள் பாவித்தால் உள்ளே கம்பி ஓடும் கயிறே பாதுகாப்பு. வாள் ஒன்றை அறுத்தாலும் மற்றது இருக்கும்.

கொப்பை மேலிருந்து ஒரே வெட்டில் வெட்டினால் அது தொங்கிப் பட்டையை உரித்துக்கொண்டு போகும், சில வேளை ஏறுபவர் நிற்கும் பக்கமே வரும். ஆகவே தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் பாதி ஆழம் வராத ஒரு வெட்டு, சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கொப்பு விழுந்தபின் மிஞ்சும் குற்றியை எடுக்க மூன்றாவது. அந்தக் கடைசி வெட்டு, கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் வீங்கியிருக்கும் வளையத்துக்கு வெளியே விழ வேண்டும். தண்டோடு ஒட்ட வெட்டினால் காயம் மூடாமல் மரம் உக்கும் என்பதை நிலைநாட்டியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. காலில் கட்டும் இரும்பு ஆணிகளையும் வீழ்த்தப்போகும் மரத்துக்கு மட்டுமே பாவிக்கலாம். நிழல் மரத்தில் அவை வைக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு புண்.

மலையகத்துக்கென்று ஒரு ஆபத்தும் உண்டு, குளவி. கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டிய செய்தியை நாங்கள் அடிக்கடி எழுதுகிறோம். மரத்தில் கட்டுண்ட ஒருவரால் ஓடவும் முடியாது. ஏறும் முன் மரத்தைச் சுற்றி வந்து கூடு, காய்ந்த கொப்பு, காளான், மின்கம்பி ஆகியவற்றைப் பார்ப்பது இதனால்தான். கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும். மயங்கி ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்கு நிமிடங்களிலேயே உயிராபத்து, இன்னொருவர் ஏறி இறக்கத்தான் வேண்டும்.

வன்னி வாசகர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. சண்டை நடந்த இடங்களில் நிற்கும் முதிர்ந்த மரங்களுக்குள் எறிகணைத் துண்டு புதைந்திருக்கலாம். பட்டை அதன்மேல் வளர்ந்து மூடிவிடும். சங்கிலி வாள் இரும்பில் பட்டால் துள்ளும், சங்கிலி அறும். பட்டையில் புடைப்போ, மரத்தில் கருநீலக் கறையோ தெரிந்தால் வேறு இடத்தில் வெட்டுங்கள்.

வேலையில் காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ, பெயர் சொல்வதுபோலத் தொழிற்சாலைகளுக்கானது. தேயிலை அரைக்கும் இயந்திரத்துக்கு மூடி போட்டிருக்கிறதா என்று பார்க்க அதில் இடமுண்டு, அதே தோட்டத்துச் சவுக்கின் உச்சி அதற்குள் வராது. மரத்துக்கு இவ்வளவு என்று வாயால் பேசி ஏறுபவர், அன்று யாருக்காக ஏறினார் என்பதை நிரூபிக்க முதலில் அலைய வேண்டும்.

அன்று மாலை அவர் தோளிலிருந்த கயிற்றை வாங்கிப் பார்த்தேன். நீல லொறிக் கயிறு, நடுவில் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு ஒட்டியது. புரூசிக் முடிச்சை என் சப்பாத்து நாடாவால் ஒரு கைவாளின் பிடியில் போட்டுக் காட்டினேன். இழுத்துப் பார்த்தார், தளர்த்தினார், மறுபடி இழுத்தார்.

"புடிக்குதே," என்றார். "பட்டி எங்க வாங்கலாம், எவ்வளவு?"

விலையைச் சொன்னேன். நாடாவைக் கழற்றித் தந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.