கொட்டியாரக் காய்ச்சலும் பழ ஈயின் புரதமும்

மசூலிப்பட்டினப் புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்க்க மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் அதன் தலைவரும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கினர். உள்நாட்டில் இருவரையும் முறைக்காய்ச்சல் பிடித்தது. 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தப்பிப்போய், 1681இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதினார். விட்டுவிட்டு வந்த அந்தக் காய்ச்சல் மலேரியாவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நோயைக் காவுவது நுளம்பு என்று 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் காட்டினார். ஆனால் நுளம்பு உறிஞ்சும் மலேரியாக் கிருமிகளில் பெரும்பாலானவை அதன் உடம்புக்குள்ளேயே மடிகின்றன. யார் கொல்கிறார்கள்?

விடைக்கு வழி காட்டியது பழ ஈ. நம் இரத்தத்தில் இருப்பதுபோன்ற பிறபொருளெதிரிகள் ஈக்குக் கிடையா. பிறவியிலேயே வந்த காவல்தான் அதற்குத் துணை. ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் ‘டோல்’ என்ற புரதத்தை முன்பே அறிந்திருந்தார்கள். 1996இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில், ஜூல் ஹொஃப்மன் ஆய்வுகூடத்தில் புருனோ லெமெத்ர் ஈக்களுக்குப் பூஞ்சை தொற்றச் செய்தார். டோல் பழுதான ஈக்கள் சில நாட்களிலேயே இறந்தன. பூஞ்சை நுழைந்ததும் ‘ஸ்பெட்ஸ்லே’ என்னும் இன்னொரு புரதம் வெட்டப்பட்டு டோலில் போய் ஒட்டுகிறது. சமிக்ஞை உயிரணுவின் கரு வரை போக, பூஞ்சையைக் கொல்லும் ‘ட்ரொசொமைசின்’ சுரக்கிறது. வளர்ச்சிக்கான புரதமே காவலும் நிற்கிறது என்பது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! டோலின் உறவுப் புரதமொன்று எலிகளில் பாக்டீரியா நஞ்சை உணர்கிறது என்று 1998இல் புரூஸ் பொய்ட்லர் காட்டினார். 2011இல் ஹொஃப்மனுக்கும் பொய்ட்லருக்கும் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

அதே ஸ்திராஸ்பூர்க்கில்தான் எலேனா லெவஷினா குழுவினர் 2004இல் ஆபிரிக்க மலேரியா நுளம்பில் ‘டெப்1’ புரதத்தின் வேலையைக் காட்டினார்கள். குடலைத் துளைத்து வரும் கிருமியில் அது ஒட்டி, அதைச் சாகடிக்கிறது. அந்த மரபணுவை அடக்கினால் நுளம்பில் கிருமிகள் பல மடங்கு பெருகுகின்றன.

1934-35 மலேரியாக் கொள்ளை நோயில் சுமார் 80,000 பேரை இழந்த இலங்கை, மருந்து தெளிப்பாலும் இரத்தப் பரிசோதனையாலும் ஊழியர்களின் உழைப்பாலும் மீண்டது. 2012க்குப் பின் உள்ளூர்த் தொற்று இல்லாததால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று வழங்கியது. ஆனால் மலேரியாவைக் காவும், நகரங்களிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு மன்னாரில் காணப்பட்டது 2017இல் தெரியவந்தது. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வந்தவர்கள், காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.