விரும்பாத் துயில்

பத்துமலையில் தைப்பூச விழா 1892 முதல் நடைபெற்று வருகின்றது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலினின்று வெள்ளித்தேர் இரவிற் புறப்பட, அடியார் கண்விழித்து உடன் நடப்பர். விழிப்பை நோன்பாகக் கொண்ட இம்மரபில், பகலிலும் அடக்கவொண்ணாத் துயில் வந்து வீழ்வோரைச் சோம்பர் எனல் எளிது. அது முறையாகுமா?

வள்ளுவர் நெடுநீர்மை, மறதி, மடி, துயில் ஆகிய நான்கினையும் கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலம் என்றார். ஈண்டு விருப்பம் என்பதே உயிர்நிலை. விரும்பாமல் வரும் துயில் குற்றமன்று; நோய்.

இந்நோய்க்கு 1880இல் ‘நார்கொலெப்சி’ எனப் பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ழெலினோ. அவர் கண்ட மதுப்பீப்பாய் வணிகர் ஒருவர் நாள்தோறும் பலமுறை உறங்கினார். வாய்விட்டுச் சிரித்தாலும் கால் தளர்ந்து வீழ்ந்தார். இத்தகையோர்க்கு இரவுத்துயிலும் இடையறுந்தே அமையும். காரணமோ நூறாண்டுக்கு மேலும் புலப்படவில்லை. விழிப்பைக் காக்கும் ‘ஓரெக்சின்’ என்னும் பொருள் 1998இல் அறியப்பட்டது. அதனைச் சுரக்கும் மூளை அணுக்கள் இந்நோயாளர் பலர்க்கு அழிந்துபட்டமை 2000இல் தெளிவாயிற்று. குறைபட்டது மனவலிமையன்று, அணுக்களே.

முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் மருந்தும், நேரம் வகுத்துக்கொண்ட சிறுதுயிலும் துணைசெய்யும். நோய் பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுவதால், வகுப்பில் அடிக்கடி உறங்கும் மாணவனைக் கடியுமுன் காரணம் வினவுதல் ஆசிரியர் கடனாகும்.