ஏழில் குன்றமும் ஒரு மாங்காயும்

கண்ணூரிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் பழையங்காடியைக் கடந்ததும் மேற்குப் பக்கத்துச் சன்னலில் அமர்ந்துகொள்வது நல்லது. தென்னந்தோப்புகளுக்கும் உப்பங்கழிகளுக்கும் அப்பால், கடலுக்குள் இறங்கப் போவது போல் ஒரு மலை தனியே நிற்கும். உயரம் 286 மீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒட்டாமல் கடலோரத்தில் நிற்பதால் பெரிதாகத் தோன்றுகிறது. இன்று ஏழிமலை என வழங்கும் இதுவே சங்கப் பாடல்களின் ஏழில் குன்றம்.

மாலுமிகளுக்கு இது மலை என்பதைவிட ஓர் அடையாளக் குறி. மார்க்கோ போலோ இந்நாட்டை 'எலி' என்றே குறிக்கிறார். வேறு துறைக்குப் புறப்பட்ட கப்பல் வழிதவறி இங்கு ஒதுங்கினால், கடவுள் அனுப்பிய பொருள் என்று சொல்லி அதைக் கைப்பற்றிக்கொள்வார்களாம். 14ஆம் நூற்றாண்டில் வந்த இபன் பதூதாவோ சீனக் கப்பல்கள் வந்துசேரும் துறைகளுள் ஒன்றாக இதைச் சொல்கிறார். இங்கிருந்த பள்ளிவாசலுக்கு முஸ்லிம்கள் மட்டுமன்றிப் பிறரும் நேர்ந்துகொண்டதையும் பதிவு செய்கிறார். போர்த்துகீசியர் வாயில் இப்பெயர் 'டெலி' ஆகி, ஆங்கிலேயர் காலத்துக் கடல் வரைபடங்களில் 'மவுண்ட் டெல்லி' என்று நின்றது. 'எழில்', 'ஏழு', 'எலி' ஆகிய மூன்றில் எது மூலம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 11ஆம் நூற்றாண்டில் அதுலர் இயற்றிய வடமொழிக் காவியம் இங்கு ஆண்ட மரபை 'மூஷிக வம்சம்' என்றே பாடியது. எலி அரச மரியாதை பெற்ற இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை!

எங்களை அங்கே இழுத்துச் சென்றவன் நன்னன். பொன் விளையும் கொண்கான நாட்டுக்கும் பாழிக் காவலுக்கும் உரியவன். சேரன் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரலிடம் வாகைப் பெருந்துறையில் தோற்று மாண்டவன். ஆயினும் தமிழ் அவனை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. நீராடச் சென்ற ஒரு பெண், ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள். அது அவனுடைய காவல் மரத்தின் காய். எண்பத்தொரு களிறுகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் ஈடாகத் தர முன்வந்தும் அவன் ஏற்கவில்லை, அவளைக் கொன்றான்.

இதைச் சொல்லும் குறுந்தொகை 292ஆம் பாடல் வரலாறு கூற எழுந்ததன்று. தலைவன் வந்து போனபின் உறங்காமல் காவல் காக்கும் தாயைத் தோழி சபிக்கும்போது, அவளும் நன்னனைப்போல் நரகம் புகட்டும் என்கிறாள். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் இவ்விடத்தில் ஒரு தயக்கம் வரும். களிறுகளின் தொகையைப் பரணர் கணக்கிட்டுச் சொல்கிறார். அரசன் பெயரையும் சொல்கிறார். பெண்ணுக்குத்தான் பெயரில்லை. கோசர் அவனது மாமரத்தை வெட்டிய செய்தி 73ஆம் பாடலில் வருகிறது. நன்னனின் வழிவந்தவன் என்பதற்காகவே இளவிச்சிக்கோவைத் தழுவ மறுத்தார் பெருந்தலைச் சாத்தனார் என்பது புறநானூற்றுச் செய்தி (151). பழி தலைமுறை தாண்டித் தொடர்ந்தது. கொடைக்குப் புகழ் பாடிய புலவர்களே இதையும் மறக்கவிடவில்லை என்பதில் எங்களுக்கு ஒரு நிறைவு உண்டு.

மலையில் இப்போது இந்தியக் கடற்படைக் கழகம் இயங்குகிறது. 1987இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2009இல் திறக்கப்பட்டது. முன்அனுமதியின்றி அதன் வளாகத்துக்குள் செல்ல இயலாது. ஆகவே எட்டிக்குளம் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். பிறகு கண்ணூர் வந்து, 1505இல் அல்மெய்தா எழுப்பிய புனித ஏஞ்சலோ கோட்டையின் செந்நிறச் செம்புரைக்கல் மதிலில் ஏறினோம். 1663இல் டச்சுக்காரர், 1772இல் விலைகொடுத்து வாங்கிய அரக்கல் அரசர், 1790இல் ஆங்கிலேயர் எனக் கைமாறிய கோட்டை. கீழே மாப்பிள விரிகுடாவில் மீன்பிடி விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன.

திரும்பும் வழியில் சந்தையில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் இரண்டு வாங்கினோம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, ரயில் வரும்வரை நடைமேடையிலேயே தின்றுகொண்டிருந்தோம்.