துறைமுகம் கேட்ட சான்றிதழ்

1917 பெப்ரவரி 5ஆம் திகதி அமெரிக்கக் காங்கிரஸ், ஜனாதிபதி வில்சனின் மறுப்பையும் மீறி, ஒரு குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் தமக்குத் தெரிந்த ஏதாவதொரு மொழியில் முப்பது நாற்பது சொற்களை வாசித்துக் காட்டினால்தான் கரையிறங்கலாம் என்றது அதன் ஒரு பிரிவு. இன்னொரு பிரிவு, அட்சரேகையாலும் தீர்க்கரேகையாலும் ஆசியாவைச் சுற்றி வேலி அடைத்து, அதற்குள்ளிருந்து எவரும் குடியேற முடியாது என்றது. முதற்பிரிவு குறிவைத்தவர்களில் சிசிலியின் விவசாயிகளும் இருந்தார்கள். இரண்டாவது பிரிவின் வேலிக்குள் இந்தியாவும் இலங்கையும் இருந்தன. ஆனால் அந்த வேலியில் ஒரு சிறிய படலை விடப்பட்டிருந்தது: மாணவர், ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் போன்றோர் வரலாம்.

பட்டப்படிப்பு அதன் செலவுக்குத் தகுமா என்ற கேள்வி இப்போது நம் வீடுகளிலும் கேட்கிறது. கட்டணம், கடன், எதிர்பார்க்கும் சம்பளம் மூன்றையும் ஓர் அட்டவணையில் போட்டு விடை சொல்கிறார்கள். கணினித்துறை ஆலோசகனான எனக்கு இத்தகைய அட்டவணைகள் அன்றாட வேலை. ஆனால் நம்மவர்களின் கணக்கில் அதற்குள் அடங்காத ஒரு நிரல் இருக்கிறது. அது அந்தப் படலையின் விலை. வேலை நிமித்தம் நான் சில தடவைகள் போய்வந்த பலேர்மோ, அந்த நிரலைத் தெளிவாகக் காட்டும் இடம்.

பலேர்மோ துறைமுகத்தில் இன்று உல்லாசக் கப்பல்களும், நேப்பிள்ஸுக்குப் போகும் இரவுக் கப்பல்களும் நிற்கின்றன. நூறு வருடங்களுக்கு முன் இது வழியனுப்பி அழுகிற இடமாக இருந்தது. கடல்கடந்து குடிபெயர்வோர் ஏறுவதற்கென 1901ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய இத்தாலியத் துறைமுகங்களில், ஜெனோவா, நேப்பிள்ஸுடன் இதுவும் ஒன்று. 1913இல் மட்டும் சிசிலியிலிருந்து ஏறத்தாழ 146,000 பேர் வெளியேறினார்கள். 1901 குடிசன மதிப்பின்படி அத்தீவில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கடிதம் எழுத இன்னொருவரின் கையை எதிர்பார்த்து நின்றபோதுதான் அவர்களுக்கு எழுத்தின் விலை தெரிந்தது. அந்த நாட்களில் தென்னித்தாலிய விவசாயிகளின் நிலையை ஆராய்ந்த நாடாளுமன்ற விசாரணை, அமெரிக்கா போய்த் திரும்பியவர்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில் காட்டிய அக்கறையைப் பதிவுசெய்தது.

எண்பதுகளில் ஓட்டம் திசை மாறியது. இலங்கைத் தமிழர் பலேர்மோவுக்கு வரத் தொடங்கினார்கள். 1986, 1990ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பத்திரம் இல்லாதிருந்த பலருக்கு வதிவிட அனுமதி கொடுத்தன. பல்லாரோ சந்தையைச் சுற்றிய பழைய தெருக்களில் குடும்பங்கள் வேர்விட்டன. கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டுவேலை: கூட்டுவது, சமைப்பது, முதியோரைப் பராமரிப்பது. எழுத்தறியாதவர்களை அனுப்பிவைத்த நகரம், உயர்தரம் படித்தவர்களையும் சில பட்டதாரிகளையும் வரவேற்று, அவர்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தது. நான் அங்கே சந்தித்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கணிதம் படித்தவர். இருபத்தைந்து வருடமாக ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலை. "தம்பி, அந்த வீட்டுப் பெடியனுக்கு வகையீடு நான்தான் சொல்லிக் குடுத்தனான். அதுக்குத் தனியாச் சம்பளம் ஒண்டும் இல்லை" என்று சிரித்தார்.

இப்படிப்பட்ட ஒருவரின் வீட்டில் படிப்பு ஏன் இன்னும் தெய்வமாக இருக்கிறது? விடை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, கிணற்று நீரை நம்பிய நிலம் அது. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், 1857இல் உருவான சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் கொழும்புக்கும், மலாயாவின் ரயில்வேக்கும், அரச அலுவலகங்களுக்கும் எழுதுவினைஞர்களாகப் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசோலையில் வீடு எழும்பியது, சீதனம் சேர்ந்தது. மலாயன் பென்சனியர் ஊர்ப் பெரியவர் ஆனார். படிப்பு யாழ்ப்பாணத்துக்கு ஏற்றுமதிப் பயிர். அதன் பெறுமதி எப்போதும் வேறொரு கரையில்தான் தீர்மானமானது.

எழுபதுகளில் அந்தப் படலை சொந்த நாட்டிலேயே ஒடுக்கப்பட்டது. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளி போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவை. பேராதனைப் பொறியியலுக்கு 227உம் 250உம். பிறகு தரப்படுத்தலும், 1974இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன. பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்குக் கோட்டா வழிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பொறியியல் பீடங்களில் 1969இல் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்த தமிழர் பங்கு, 1974இல் ஏறத்தாழ 16 வீதமானது. அந்த இருபத்தொரு புள்ளிகளுக்கு ஒரு தலைமுறை கொடுத்த விலை எந்தக் கட்டண அட்டவணையிலும் இல்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 1983க்குப் பிறகு விமானச் சீட்டுக்கு விற்ற காணிகளில், முன்னர் படிப்புக்கு ஈடு வைத்து மீட்ட காணிகளும் இருந்தன.

இத்தாலி அவர்களது சான்றிதழ்களை மறுக்கவில்லை. பெறுமதிப் பத்திரம் கேட்டது. வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட, அது பெறப்பட்ட நாட்டிலுள்ள இத்தாலியத் தூதரகத்தின் உறுதிப்பத்திரம் தேவைப்பட்டது. ஓடிவந்தவர் எந்த முகத்தோடு திரும்பிப் போய் அதை வாங்குவார்?

பிள்ளைகளின் கணக்கு வேறு. 2016ஆம் ஆண்டின் 232ஆம் இலக்கச் சட்டம், குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்து அளக்கும் 'இசே' 13,000 யூரோவுக்குள் இருந்தால், அரச பல்கலைக்கழகக் கட்டணத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. இந்த எல்லை 2020இல் 20,000 ஆகவும் அடுத்த ஆண்டு 22,000 ஆகவும் உயர்ந்தது. வீட்டுவேலை செய்யும் பெற்றோரின் பிள்ளை, குறித்த பாடப்புள்ளிகளை எடுத்துவந்தால், பலேர்மோ பல்கலைக்கழகத்தில் அநேகமாகச் செலவின்றிப் படிக்கலாம். ஆனால் பணத்தைக் கேட்காத கதவு வேறொன்றைக் கேட்கிறது. இத்தாலியில் பிள்ளை பதின்மூன்று, பதினான்கு வயதில் மேனிலைப் பள்ளியைத் தெரிவுசெய்ய வேண்டும்: லிச்சேயோ, தொழில்நுட்பப் பள்ளி, தொழிற்பள்ளி. ஐந்து வருடம் முடித்தால் எந்தப் பள்ளியிலிருந்தும் பல்கலைக்கழகம் போகலாம் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு ஆயத்தப்படுத்துவது லிச்சேயோ. வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள பிள்ளைகள் இத்தாலியப் பிள்ளைகளைவிடக் குறைந்த விகிதத்திலேயே அங்கே சேர்கிறார்கள். ஆசிரியர் ஓர் ஆலோசனைக் கடிதம் கொடுப்பார். இரண்டு வீடு வேலை முடித்து இரவு வரும் அம்மா அதில் கையெழுத்திடுவார். பட்டத்தின் விலையில் பெரும்பங்கு அந்த இரவே செலுத்தப்பட்டுவிடுகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்த பல குடும்பங்கள், பிரெக்சிட் கதவை மூடும்முன் இங்கிலாந்துக்குப் போயின. பலேர்மோவில் அநேகமாக இலவசமாகக் கிடைத்த பட்டத்துக்கு அங்கே அப்போது வருடம் 9,250 பவுண் வரை கட்டணம் இருந்தது. அட்டவணை இதை முட்டாள்தனம் என்று சொல்லும். படலையை அறிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். அவர்கள் வாங்கியது ஆங்கிலத்தை, உறவுகளை, இன்னும் பல நாடுகளில் செல்லும் ஒரு சான்றிதழை.

என் அனுபவமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. நான் வெளிநாட்டில் முதுகலை படித்தவன். இதுவரை வேலை செய்த எந்த நிறுவனமும் என் பட்டத்தைக் கண்ணால் பார்க்கக் கேட்டதில்லை; செய்துமுடித்த வேலைகளைத்தான் கேட்டன. பட்டத்தைக் கேட்டவை குடிவரவு அலுவலகங்கள். ஐபிஎம், கூகுள் போன்றவை பல வேலைகளுக்குப் பட்டம் அவசியமில்லை என்று அறிவித்துவிட்டன. அமெரிக்காவின் எச்-1பி விசாவோ இன்றும் இளங்கலைப் பட்டம் அல்லது அதற்கு ஈடானதைக் கேட்கிறது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, தனி விண்ணப்பதாரியின் பள்ளிப்படிப்புக்கு 30 புள்ளியும் முதுகலைக்கு 135 புள்ளியும் கொடுக்கிறது. 1917இன் படலை மூடவில்லை. அதற்குப் புள்ளிமுறை வந்திருக்கிறது.

ஆகவே "பட்டம் தகுமா" என்பதற்கு முன், பிள்ளையின் கையில் எந்தக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று கேட்க வேண்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியுரிமையோடு வளரும் பிள்ளைக்கு அந்த நிரல் வெறுமை. "எனக்கு இந்தக் கடன் வேண்டுமா?" என்று அது கேட்டால், அதற்கு மலாயாக் கதையைப் பதிலாகச் சொல்வது நியாயமில்லை. பலேர்மோவில் பிறந்த பிள்ளையின் நிலை அப்படியல்ல. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோருக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்திராவிட்டால், அது தொடர்ந்து அங்கே வாழ்ந்து, பதினெட்டு வயதான பின் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தே இத்தாலியர் ஆகலாம். படித்து முடித்தாலும் தீவில் வேலை அருமை. சிசிலியப் பட்டதாரிகளே வடக்குக்குப் போகிறார்கள். அங்கே பட்டம் இன்னும் பயணச்சீட்டுத்தான்.

இரண்டு இடத்திலும் ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது அப்பாவின் வீணான வகையீடு. அந்தக் கடனை ஒரு நாடும் ஒரு போரும் வைத்துப்போயின. பிள்ளையின் பெயரில் அதை எழுதமுடியாது.

செய்யக்கூடியது சிறியது. பலேர்மோவில் லிச்சேயோ முடித்துப் பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரோடு, பள்ளித் தெரிவுப் படிவம் நிரப்பும் காலத்தில், அவர்களில் ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். ஆசிரியரின் கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லலாம். மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றும் சொல்லலாம். முப்பது நாற்பது சொற்களுக்குள் முடிகிற வேலை அது.