நாய்க்கு சாளை மீனும் பரங்கிக்காயும்... நமக்கு மட்டும் டீயும் பன்னுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீமிசல் மாதிரியான கடலோர ஊர்ல மீனுக்குப் பஞ்சமில்லை. காலையில வாங்கின சாளை மீனை உப்பு போடாம வேகவெச்சு, பொறுமையா முள் எடுத்து, சோறும் பரங்கிக்காயும் சேர்த்துப் பிசைஞ்சு, சூடு ஆறிடுச்சானு விரலால தொட்டுப் பார்த்து... வைக்கிறது யாருக்கு? செல்ல நாய்க்கு! அதை வெச்சவரோட காலை டிபன் டீயும் பன்னும். ராத்திரி 11 மணிக்கு பரோட்டா, சால்னா, கூடவே ஒரு கூல்டிரிங்ஸ்.

"நாய் மேல காட்டுற அக்கறையில பாதியை உன் வயித்து மேல காட்டக் கூடாதாடா?" - இந்த டயலாக் உங்க வீட்லயும் கேட்குதா? அப்போ இது உங்களுக்குத்தான்.

பிஸ்கட்டில் இருந்து கிண்ணத்துக்கு...

நாய்களுக்கான பிஸ்கட்டை 1860-களில் லண்டனில் விற்கத் தொடங்கியவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட்.  1993-ல் ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட், பச்சை இறைச்சியும் எலும்புமே நாய்க்கு ஏற்றது எனப் புத்தகம் எழுத, 'இயற்கை உணவு' மோகம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனா, கிருமித்தொற்று ஆபத்து இருக்கிறதால பச்சை இறைச்சி வேண்டாம்னுதான் அமெரிக்க கால்நடை மருத்துவ சங்கம் சொல்லுது.

வீட்டுச் சாப்பாடு நல்லதுதான், ஆனா...

'இயற்கை'னு சொன்னாலே முழுமையானதுனு அர்த்தம் இல்லை. 2013-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தாங்க. 95 சதவிகிதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்து குறைவா இருந்தது. வெறும் சோறும் கறியும் கொடுத்தா கால்சியம் பத்தாது. அதனால...

* கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டு அளவை முடிவு பண்ணுங்க. பழகின சாப்பாட்டை ஒரே நாள்ல மாத்தாதீங்க.

* மீனை வேகவெச்சே கொடுங்க. சில வகைப் பச்சை மீன்களில் இருக்கும் தையாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிச்சுடும். வேகவெச்சா அது செயலிழந்துடும்.

* வேகவெச்ச எலும்பு வேண்டாம். கூர்மையா உடைஞ்சு குடலைக் கிழிக்கலாம்.

* வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் கலந்த சூயிங் கம்... எதுவுமே நாய்க்கு ஆகாது. சாப்பிட்டுட்டா, காத்திருக்காம உடனே மருத்துவரைக் கூப்பிடுங்க.

இப்போ உங்க தட்டுக்கு வருவோம்!

ஒரு சுவாரஸ்யமான விஷயம். நாயோட கல்லீரல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யை தானே தயாரிச்சுக்கும். மனுஷ உடம்புக்கு அந்த வேலை தெரியாது. கொய்யாவும் நெல்லிக்காயும் நாய்க்கு இல்லாட்டி பரவாயில்லை, நமக்குக் கட்டாயம் வேணும். ஆனா நாம என்ன பண்றோம்? கேரட்டை நறுக்கி நாய்க்கு வெச்சுட்டு, நாம சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறோம்.

இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் இணைந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். அதற்கு முந்தைய நிலையில் இன்னும் 13.6 கோடி பேர். இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவிகிதத்துக்கு தவறான உணவுமுறை காரணம் என 2024-ல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்லுது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சிம்பிள்: பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், காய்கறியும் பழமும் சேர்த்து குறைஞ்சது 400 கிராம். நாய்ச் சோத்துல உப்பு விழுந்துடக் கூடாதுனு பதறுற நாம, நம்ம தட்டுல எவ்வளவு உப்பு இருக்குனு என்னைக்காவது யோசிச்சிருக்கோமா?

ஒரே அடுப்பு, ரெண்டு சாப்பாடு!

'எனக்குனு தனியா சமைக்க டைம் இல்லை'னு சொல்றீங்களா? தனியா சமைக்கவே வேண்டாம். மீன், பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் எல்லாத்தையும் உப்பு, காரம் இல்லாம வேகவையுங்க. நாய்க்கான பங்கை எடுத்து, முள் நீக்கி ஆறவிடுங்க. மிச்சத்துல வெங்காயம், பூண்டு, மிளகு, புளின்னு உங்க கைவரிசையைக் காட்டுங்க. நாய்க்கு ஆகாத வெங்காயமும் பூண்டும் நமக்கு நல்லதுதானே! சோத்தைக் குறைச்சு, பாதித் தட்டை காயாலும் கீரையாலும் நிரப்புங்க.

நாய்க்கு நேரம் தவறாம சாப்பாடு வைக்க மொபைல்ல அலாரம் வெச்சிருப்பீங்கல்ல? அது அடிக்கும்போது உங்க தட்டையும் எடுத்து வெச்சுடுங்க. கிண்ணம் நிரம்புதானு அது தினமும் உங்க முகத்தைத்தான் பார்க்குது. அதுக்காகவாவது நீங்க நல்லா இருக்க வேண்டாமா பாஸ்?