வான்கோழி கிரேவியும் மூன்று பெண்களும்

நம் ஊர் ஹோட்டலில் கிரேவி என்று கேட்டால் என்ன வரும்? வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை வதக்கிக் கெட்டியாக இறக்கிய குழம்பு வரும். அமெரிக்காவில் கிரேவி என்றால் பொருளே வேறு. அங்கே நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை 'தேங்ஸ்கிவிங்' என்ற நன்றி நாள். குடும்பம் முழுக்க ஒன்றுகூடி முழு வான்கோழியை அவனில் வாட்டி வெட்டிச் சாப்பிடும் நாள். வான்கோழி வெந்த தட்டில் வழிந்து கிடக்கும் கொழுப்பையும் சாற்றையும் கோதுமை மாவையும் வைத்துச் செய்வதுதான் அவர்களுடைய கிரேவி. மிளகாய் கிடையாது, மசாலா கிடையாது. உப்பும் மிளகும் மட்டும்தான். ஆனால் அது இல்லாவிட்டால் வான்கோழிக் கறி வறட்டென்று தொண்டையில் நிற்கும்.

இதற்குப் போய் ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று நீங்கள் நினைக்கலாம். போர்களுக்கும் ராஜாக்களுக்கும் வரலாறு இருப்பதைப் போல ஒரு கரண்டிக் குழம்புக்கும் வரலாறு உண்டு. இந்தக் குழம்பின் கதையில் மூன்று பெண்கள் வருகிறார்கள். ஒருவர் பெற்றோரை இழந்தவர், ஒருவர் கணவனை இழந்தவர், ஒருவர் நடக்கும் சக்தியை இழந்தவர்.

பெயர் வந்த கதை

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் சுமார் 1390ல் தொகுத்த 'ஃபோர்ம் ஆஃப் கியூரி' என்ற ஏட்டில் முயல் கிரேவி, சிப்பி கிரேவி என்றெல்லாம் குறிப்புகள் இருக்கின்றன. அந்தக் கிரேவியில் மாவு இல்லை. பாதாம் பருப்பை அரைத்து, திராட்சை மதுவும் கறி வெந்த தண்ணீரும் சேர்த்துச் செய்தார்கள். பழைய பிரெஞ்சு மொழியில் 'கிரானே' என்று இருந்த சொல்லைப் படியெடுத்தவர்கள் ஓர் எழுத்தை மாற்றிப் படித்ததால் 'கிரேவி' பிறந்தது என்பது அகராதிகள் தரும் விளக்கம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஏட்டின் பெயரில் உள்ள 'கியூரி' நம்முடைய 'கறி' என்று இணையத்தில் பலர் பெருமையாக எழுதுகிறார்கள். அது சரியல்ல. 'கியூரி' என்றால் சமையல். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நம் கறி ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் ஏறியது 1747ல், ஹன்னா கிளாஸ் என்ற பெண் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில்தான். இந்திய முறையில் 'கறி' செய்வது எப்படி என்று அதில் ஒரு குறிப்பு உண்டு. அதே புத்தகத்தில் கிரேவிக் குறிப்புகளும் நிறைய உண்டு!

மாவு எப்போது சேர்ந்தது? கொழுப்பில் மாவை வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்கும் முறையை பிரான்சின் லா வரேன் 1651ல் வெளியிட்ட சமையல் நூலில் காணலாம். இதுதான் இன்று 'ரூ' என்று சொல்லப்படுவது. பாதாமுக்கு விலை அதிகம், மாவுக்கு விலை குறைவு. அரண்மனைக் குழம்பு சாதாரண வீட்டுக்கு வர மாவு வழி திறந்துவிட்டது.

1621ல் கிரேவி இருந்ததா?

நன்றி நாளின் தொடக்கம் என்று சொல்லப்படுவது 1621ல் பிளைமவுத்தில் நடந்த அறுவடை விருந்து. மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் கொண்டாடிய விருந்துக்கு வாம்பனோக் பழங்குடித் தலைவர் மாசசோயிட் சுமார் 90 ஆட்களுடன் வந்தார். விருந்துக்கு ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்ததும் அவர்கள்தான். எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. நான்கு பேர் பறவை வேட்டைக்குப் போனதையும் எழுதியிருக்கிறார். ஆனால் வான்கோழி என்று பெயர் சொல்லவில்லை.

அப்படியே வான்கோழி இருந்திருந்தாலும் இன்றைய கிரேவி இருந்திருக்க வழியில்லை. அவர்கள் அறுவடை செய்தது மக்காச்சோளமும் கொஞ்சம் பார்லியும். வெண்ணெய்க்கு மாடு வேண்டுமே, அந்தக் குடியேற்றத்துக்கு மாடுகள் வந்தது 1624ல்தான். அந்த விருந்துக்குப் பிறகு வாம்பனோக் மக்கள் தங்கள் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தார்கள். அதனால் 1970 முதல் பழங்குடி மக்கள் பலர் இதே நாளை பிளைமவுத்தில் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். கிரேவியின் கதையைச் சொல்லும்போது இதை மறைத்துவிட்டுப் போக முடியாது.

முதல் பெண்: அமீலியா சிம்மன்ஸ்

1796ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் 'அமெரிக்கன் குக்கரி' என்ற சிறிய புத்தகம் வெளிவந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அச்சான முதல் சமையல் நூல் இதுதான் என்கிறார்கள். முகப்பிலேயே ஆசிரியர் தன்னை 'ஓர் அமெரிக்க அநாதை' என்று போட்டுக்கொண்டார். யாருக்காக எழுதினார் என்பதையும் முன்னுரையில் சொல்கிறார். பெற்றோரை இழந்து, பிறர் வீட்டில் வேலைக்குப் போகவோ உறவினரை அண்டி வாழவோ வேண்டிய பெண்களுக்காக. அம்மா இருந்தால் அடுப்படியில் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம். அம்மா இல்லாத பெண்ணுக்கு யார் சொல்லித் தருவார்கள்? புத்தகம்தான் சொல்ல வேண்டும்.

அவரது வான்கோழிக் குறிப்பில் பறவையை நெருப்பின் முன் தொங்கவிட்டு வாட்டச் சொல்கிறார். கிரேவியில் மூன்றில் ஒரு பங்கு பவுண்டு வெண்ணெய் போட்டு, பறவையின் மேல் மாவைத் தூவி, அந்தக் கிரேவியையே எடுத்து மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கவனியுங்கள், இங்கே கிரேவி என்பது கீழே வைத்த தட்டில் சொட்டும் சாறுதான். தனியாகச் செய்யும் குழம்பு அல்ல.

தொட்டுக்கொள்ள கிரான்பெர்ரி சாஸோடு 'மாங்கோ'வும் வைக்கலாம் என்கிறார். 1796ல் அமெரிக்காவில் மாங்காயா? இல்லை. நம் மாங்காய் ஊறுகாய் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்ப் பிரபலமானது. மாங்காய் கிடைக்காத ஊரில் பிஞ்சு முலாம்பழத்தில் மசாலாவை அடைத்து ஊறவைத்து, அதற்கும் மாங்கோ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'மாங்காய்' என்ற தமிழ்ச் சொல் போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்க வான்கோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்த கதை இது.

இன்னொரு சோகமும் உண்டு. சிம்மன்ஸுக்குப் புத்தகத்தை அச்சுக்குத் தயார் செய்யும் அளவுக்குப் படிப்பு இல்லை. எழுதிக் கொடுக்க அமர்த்தியவர் தனக்குத் தெரியாமல் சிலவற்றை விட்டுவிட்டு வேறு எதையோ சேர்த்துவிட்டார் என்று பின்னர் அவரே அச்சில் புகார் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் பெண்: சாரா ஜோசஃபா ஹேல்

1822ல் கணவர் இறந்தபோது சாரா ஹேலுக்கு வளர்க்க வேண்டிய பிள்ளைகள் ஐந்து பேர். பிழைப்புக்காகப் பேனாவைப் பிடித்தார். 1827ல் வெளிவந்த 'நார்த்வுட்' என்ற நாவலில் நன்றி நாள் விருந்துக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். மேஜையின் தலைமாட்டில் வான்கோழி. இன்னொரு கோடியில் மற்ற இறைச்சிகளுக்குப் பக்கத்தில் எண்ண முடியாத அளவு கிரேவிக் கிண்ணங்கள்! அதாவது 1827க்குள் கிரேவி தட்டில் சொட்டும் சாறு என்ற நிலையிலிருந்து கிண்ணத்தில் வைத்துப் பரிமாறும் பண்டமாக உயர்ந்துவிட்டது.

அன்று இந்த விருந்து முக்கியமாக நியூ இங்கிலாந்து பகுதியின் வழக்கம். பின்னர் 'கோடீஸ் லேடீஸ் புக்' பத்திரிகையின் ஆசிரியரான ஹேல், இதை நாடு முழுமைக்கும் பொது நாளாக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் கடிதம் போட்டார். 1863 செப்டம்பர் 28 அன்று லிங்கனுக்கு எழுதினார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். அக்டோபர் 3ம் தேதி அறிவிப்பு வந்தது, நவம்பர் கடைசி வியாழன் நன்றி நாள் என்று. நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941ல்.

மூன்றாம் பெண்: ஃபேனி ஃபார்மர்

பாஸ்டன் நகரத்துப் பெண். 16 வயதில் பக்கவாதம் போன்ற நோய் தாக்கி நடக்க முடியாமல் போனது. கல்லூரிக் கனவு போயிற்று. சில ஆண்டுகளில் ஓரளவு நடக்கத் தொடங்கினாலும் கால் ஊனம் தங்கிவிட்டது. முப்பது வயதை ஒட்டி பாஸ்டன் சமையல் பள்ளியில் சேர்ந்து, பிறகு அதற்கே தலைமை ஏற்றார். 1896ல் தன் சமையல் நூலைக் கொண்டுவந்தபோது பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லை. முதல் 3,000 பிரதிகளின் செலவை அவரே ஏற்க வேண்டியிருந்தது. அந்தப் புத்தகம் பின்னர் லட்சக்கணக்கில் விற்றது!

அதுவரை குறிப்புகளில் 'முட்டை அளவு வெண்ணெய்', 'கொஞ்சம் மாவு' என்றுதான் இருக்கும். ஃபார்மர் கரண்டியில் மாவை எடுத்து, கத்தியால் மேலே வழித்துச் சமமாக்கி அளக்கச் சொன்னார். அவரது வான்கோழி கிரேவி கணக்கு இதுதான்: தட்டில் தேங்கியதிலிருந்து 6 மேஜைக்கரண்டி கொழுப்பு, 6 மேஜைக்கரண்டி மாவு, 3 கப் வெந்த தண்ணீர். அந்தத் தண்ணீர் பறவையின் ஈரல், இதயம், இரைப்பை, கழுத்து, இறக்கை நுனி ஆகியவற்றை வேகவைத்தது. கொழுப்பில் மாவைச் சிவக்க வறுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, 5 நிமிடம் கொதிக்கவிட்டு, உப்பும் மிளகும் போட்டு வடிகட்ட வேண்டும். ஒரு கப்புக்கு 2 கரண்டி கொழுப்பு, 2 கரண்டி மாவு என்ற இந்தக் கணக்கை இன்றைய குறிப்புகளிலும் பார்க்கலாம்.

ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?

உப்புமாவுக்கு ரவையைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரே இடத்தில் கொட்டினால் என்ன ஆகும்? கட்டி தட்டும். மாவும் அப்படித்தான். வெளியே உள்ள மாவு உடனே வெந்து பசையாகி, உள்ளே இருப்பதற்குத் தண்ணீர் போகாமல் தடுத்துவிடும். முதலில் கொழுப்பில் வறுத்தால் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு சூழ்ந்து தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. ஐந்து நிமிடக் கொதி எதற்கு? நம் வீட்டில் சொல்வது போல பச்சை வாசனை போவதற்கு. மாவை அதிகம் சிவக்க வறுத்தால் மணம் கூடும், ஆனால் கெட்டியாக்கும் சக்தி குறையும். அப்போது மாவு சற்றுக் கூடுதலாக வேண்டும்.

தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புத் துணுக்குகளைச் சுரண்டிச் சேர்ப்பதுதான் முக்கியம். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து அந்த நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. இதை 1912ல் விவரித்தவர் பிரான்சின் லூயி கமில் மயார். ஆனால் தட்டைச் சுரண்ட வேண்டும் என்பது அவருக்கு முன்பே சமையற்கட்டுகளுக்குத் தெரிந்திருந்தது.

கைப்பக்குவமும் எழுத்தும்

1908ல் இங்கிலாந்தில் 'பிஸ்டோ' என்ற கிரேவிப் பொடி வந்தது. 1981ல் 'பட்டர்பால்' நிறுவனம் வான்கோழி சமைப்பவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. பண்டிகை நாளில் பக்கத்தில் அம்மா இல்லாதவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி.

நம் ஊரிலும் 'கண்ணளவு', 'கைப்பக்குவம்' என்று பெருமையாகச் சொல்கிறோம். பாட்டியின் மீன் குழம்பு போல யாருக்கும் வராது என்கிறோம். உண்மைதான். ஆனால் பாட்டி போனபின் அந்தக் குழம்பும் போய்விடுகிறதே! சிம்மன்ஸுக்கு எழுதிக் கொடுக்கக்கூட நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை. இருந்தும் எழுதி வைத்தார். நூறு ஆண்டு கழித்து ஃபார்மர் அதற்கு அளவு போட்டுக் கொடுத்தார். அதனால்தான் சமையலே தெரியாத ஒருவர்கூட இன்று புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆறு கரண்டி எண்ணிப் போட்டு, கட்டி தட்டாத கிரேவியை மேஜைக்குக் கொண்டுபோக முடிகிறது.

உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், அடுத்த முறை அவர் குழம்பு வைக்கும்போது ஒரு நோட்டும் ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் கை அள்ளிப் போடுவதற்குள் பிடித்து அளந்துவிடுங்கள். திட்டுவார், பரவாயில்லை!