மணமகள் தேடிய வழி – 6
டொலிடோ இருட்டறை

போன வாரம் லூயிஸ் தெ லியோனைச் சிறைக்குள் விட்டுவிட்டு வந்தோம். சாலமங்கா பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, பைபிளின் உன்னதப்பாட்டை ஒரு கன்னியாஸ்திரிக்காக ஸ்பானிய மொழியில் பெயர்த்தது. 1572-ல் உள்ளே போனவரை 1576 டிசம்பரில்தான் விட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தக் காதல் பாட்டைச் சீராட்டி வளர்த்ததே திருச்சபைதான். மணமகன் கிறிஸ்து, மணமகள் திருச்சபை, அதோடு ஒவ்வொருவரின் ஆன்மாவும்கூட என்று 3-ம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் உரை எழுதிவிட்டார். 12-ம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்து பெர்னார்டு 86 பிரசங்கங்கள் செய்தும் மூன்றாம் அதிகாரத்தின் வாசலைத் தாண்டாமலே இறந்துபோனார். எல்லாம் கிரேக்கத்திலும் லத்தீனிலும். தெருவில் பேசும் மொழிக்கு வந்தபோதுதான் வில்லங்கம்.

அதே சாலமங்காவில் 1564 முதல் 1568 வரை படித்தவர் சிலுவை யோவான். ஆள் குள்ளம். கார்மேல் சபையைச் சீர்திருத்தக் கிளம்பிய அவிலா தெரேசாவுக்கு வலதுகை. சீர்திருத்தம் பிடிக்காத சொந்தச் சபைத் துறவிகளே 1577 டிசம்பர் 2 இரவு அவிலாவில் அவரைப் பிடித்து, டொலிடோ மடத்துக்குக் கொண்டுபோனார்கள். லூயிஸைச் சிறையில் அடைத்த விசாரணை மன்றத்துக்கு இதில் வேலையே இல்லை. பங்காளிச் சண்டை!

ஆறடிக்குப் பத்தடி இருக்கும் அந்த அறை. சுவரின் உச்சியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பிளவு. உச்சிவெயில் நேரத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்றால்தான் ஜெபப் புத்தகத்தின் எழுத்து தெரியும். ரொட்டி, தண்ணீர், என்றைக்காவது மத்தி மீன். உணவுக்கூடத்துக்கு இழுத்துவந்து, துறவிகள் சுற்றி நின்று ஆளுக்கொரு அடியாக வெற்று முதுகில் சாட்டையால் அடிப்பார்கள். அந்தத் தழும்புகள் கடைசிவரை போகவில்லை.

அங்கேதான் பாட்டு பிறந்தது. காயப்படுத்திவிட்டு ஓடி மறைந்த காதலனைத் தேடி, ஒரு பெண் மலையும் ஆற்றங்கரையும் அலைகிறாள், இடையர்களிடம் விசாரிக்கிறாள். முதலில் மனத்துக்குள் கட்டிக்கொண்டார். பிறகு வந்த காவலர் இரக்கப்பட்டுத் தாளும் மையும் கொடுத்தார். சுமார் 30 கண்ணிகள், அதுவும் ஸ்பானிய மொழியில். பெர்னார்டு மணமகளுக்கு விளக்கம் சொன்ன அறிஞர். இவரோ அவள் குரலிலேயே அழுதார். என்னைக் கேட்டால், மூல நூலுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது இது ஒன்றுதான்.

1578 ஆகஸ்ட். வாளியைக் கொட்டிவர வெளியே விடும் சமயங்களில் பூட்டின் திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வைத்திருந்தார். போர்வைகளைக் கிழித்து முடிந்த கயிறு தயார். கீழே டேகஸ் நதி. ஆனால் அன்றிரவு பார்த்து, மடத்துக்கு வந்த விருந்தாளித் துறவிகள் இருவர் பக்கத்து அறையில் படுத்திருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டியதும் கதவைத் தள்ளினார். பூட்டு கழன்று தரையில் விழுந்து ஓசை எழுப்பியது. விருந்தாளிகள் விழித்துக்கொண்டு, “யாரது?” என்று கேட்டார்கள்.

(தொடரும்)